எங்கள் லாட்ஜின் பேரில் பறந்தவர்கள்

குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்குப் போகிற சாலையில் எங்களுக்கு ஒரு லாட்ஜ் இருந்தது. கீழே ஆறு அறைகள், மாடியில் நான்கு. நான் பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அம்மா இறந்துபோனாள். படிப்பை முடித்துவிட்டு வந்ததும் அப்பாவோடு சேர்ந்து லாட்ஜைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். அப்பா வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவார். அறை ஒதுக்குவது, விரிப்பு மாற்றுவது, கடிதங்களுக்குப் பதில் எழுதுவது எல்லாம் என் பொறுப்பு.

இந்தக் கதையில் வருகிறவள் என் கல்லூரி விடுதித் தோழி. ஆலங்குளத்துக்காரி. மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். அம்மா இறந்த செய்தி வந்த அன்று என்னைத் தனியாக அனுப்பக் கூடாது என்று வார்டனிடம் சண்டை போட்டு என்னோடு பஸ் ஏறினாள். தென்காசி வரைக்கும் என் கையை விடவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டிலேயே இருந்து, வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் ஒன்று சொன்னால் நான் ஏன் எதற்கு என்று கேட்டதில்லை.

படிப்பு முடிந்ததும் அவள் திருவனந்தபுரம் போய் டைப்ரைட்டிங் படித்து, விமான டிக்கெட் போட்டுக்கொடுக்கிற ஒரு அலுவலகத்தில் சேர்ந்தாள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு புரட்டாசி மாதம், அலுவலகக் காரில் கழுத்தில் கேமராவோடு எங்கள் லாட்ஜ் வாசலில் வந்து இறங்கினாள்.

"மாமா, உங்க லாட்ஜுக்கு வெள்ளைக்காரங்களக் கூட்டியாரப் போறேன்" என்றாள் அப்பாவிடம்.

அப்பா சிரித்தார். "இங்கன வார அளவுக்கு அவங்களுக்கு என்னம்மா கேடு? ஏரோப்ளேன்ல வாரவன் பெரிய பணக்காரனால்லா இருப்பான். இந்தக் கட்டில்ல படுப்பானா?"

"அதெல்லாம் அந்தக் காலம் மாமா. இப்ப அங்கன உள்ள டிரைவர், நர்ஸ், வாத்தியார் எல்லாம் ப்ளேன்ல வருதாங்க."

டிரைவர் எப்படி விமானத்தில் வருவான் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். "நம்ம ஊருக்குச் சீசன்ல ஸ்பெஷல் பஸ் பேசி வாராங்கள்லா, அதே மாதிரிதான். ஒரு கம்பெனி ப்ளேன மொத்தமா வாடகைக்குப் பேசிக்கிடுதான். ஒரு சீட்டுகூட காலியா விடமாட்டான். சாப்பாட்டக் கொறைப்பான், கால் நீட்டுத எடத்தக் கொறைப்பான். அதனால டிக்கெட் வெலை பாதிக்கும் கீழ. கொழும்புல வந்து எறங்குதாங்க. அங்கனருந்து திருவனந்தபுரம் சின்னப் ப்ளேன்ல அரைமணி, முக்காமணி நேரந்தான். டிசம்பர், ஜனவரில கோவளத்துல படுக்க எடமில்ல மாமா. கடக்கரையில ஓலைக் குடிசை போட்டு வாடகைக்கு விடுதாங்க. மலையத் தாண்டுனா நம்ம ஊரு."

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். ஸ்பெஷல் பஸ் என்றதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதை மட்டும் கேட்டேன். "ஏட்டி, அவங்க வாரது டிசம்பர், ஜனவரின்னு சொல்லுத. தை பெறந்தா இங்கன தண்ணி கொறைஞ்சிரும். மாசி மாசம் வெறும் பாறைதான் தெரியும். அருவியப் பாக்க வாரவங்க ஏமாந்து போவாங்கள்லா?"

"அவங்க ஊர்ல அப்பப் பனி கொட்டும்ட்டி. அவங்களுக்கு வெயிலு போதும். தண்ணியும் இருந்தா லாபம்" என்றாள்.

அன்று மாலை அவள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய எங்கள் பத்து அறைகளையும் இந்த விமானப் பயணிகளுக்காக ஒதுக்கி வைக்கிறோம் என்று அதில் இருந்தது. அப்பா கையெழுத்துப் போட்டார். மேனேஜர் என்ற இடத்தில் நான் போட்டேன். பிறகு லாட்ஜை நான்கு பக்கமும் நின்று படம் எடுத்தாள். என்னைப் பட்டுச்சேலை கட்டச் சொல்லி, கையில் ஒரு தட்டு நிறையச் செம்பருத்தியைக் கொடுத்து வாசலில் நிறுத்தி ஒரு படம் எடுத்தாள். "சிரிட்டி, வெள்ளைக்காரன் உன்னயப் பாத்துத்தான் டிக்கெட் எடுக்கணும்" என்றாள். நான் நிஜமாகவே சிரித்தேன்.

போனவள் ஒரு வாரத்தில் கடிதம் போட்டாள். செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது என்று இரண்டு பக்கம். கீழே இரண்டு அறைகளில் நாற்காலி மாதிரி உட்கார்ந்து போகிற கக்கூஸ் வைக்க வேண்டும். வெள்ளை விரிப்பு வேண்டும். பின்கட்டில் அடுப்பு மூட்டிச் சமைக்க யாரையும் விடக் கூடாது. விடியற்காலையில் சத்தம் இருக்கக் கூடாது. நான் ஒவ்வொன்றாகச் செய்தேன். தென்காசியிலிருந்து கொத்தனாரை வரவழைத்தோம். ஆங்கிலத்தில் பெயர்ப்பலகை எழுதி மாட்டினோம். காரமில்லாமல் சமைக்கப் பழகி, அதை அப்பாவுக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்.

பின்கட்டில் சமைக்கக் கூடாது, விடியற்காலையில் சத்தம் கூடாது என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கார்த்திகையும் மார்கழியும் எங்கள் லாட்ஜில் ஐயப்ப சாமிகள் தங்குகிற காலம். மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு குருசாமி பன்னிரண்டு வருடமாக ஒரு பஸ் நிறையச் சாமிகளைக் கூட்டிக்கொண்டு எங்களிடம்தான் வருவார். அருவியில் குளித்து, பின்கட்டில் பொங்கி, பூஜை முடித்து, மறுநாள் செங்கோட்டை வழியாக மலையேறுவார்கள். விடியுமுன்னே அவர்கள் போடுகிற சரணத்தில்தான் நானும் அப்பாவும் எழுந்திருப்போம். அம்மா இறந்த வருடம் குருசாமி இருமுடி இறக்கிய கையோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பா பக்கத்தில் ஒரு பகல் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

கார்த்திகை முதல் வாரம், தேதி சொல்லிவிட்டுப் போக வழக்கம்போல அவரே நேரில் வந்தார். அப்பா அவரைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். நான்தான் பேச வேண்டியதாயிற்று.

"சாமி, இந்த வருசம் ரூம் இல்ல. வெளிநாட்டுக்காரங்களுக்கு மூணு மாசத்துக்கு மொத்தமா ஒதுக்கிட்டோம்."

அவர் வரிசையாக இருந்த அறைக் கதவுகளைப் பார்த்தார். பிறகு, "பத்து ரூமுமா சாமி?" என்று கேட்டார்.

"ஆமா சாமி."

"நல்லதுதானே. அப்பாவுக்கு நாலு காசு வரட்டும். பின்கட்டை மட்டும் குடுத்தீங்கன்னா நாங்க பொங்கிக்குவோம்."

"புகை வரும் சாமி. அவங்களுக்கு ஆகாது."

"சரி சாமி" என்று எழுந்தார். அப்பாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். அப்பா சுவருக்கு அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார். அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

டிசம்பர் வந்தது. பத்து அறைகளும் வெள்ளை விரிப்போடு காத்திருந்தன. தபாலாபீசுக்குப் போய் அவளுக்கு டிரங்க் கால் போட்டேன். "கூட்டம் கோவளத்துலயே தங்கிருதுட்டி. அடுத்த வாரம் பாரு" என்றாள். அடுத்த வாரமும் அப்படியே சொன்னாள்.

மார்கழி பிறந்து சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் நல்ல மழை. குருசாமியின் பஸ் எங்கள் லாட்ஜ் வாசலில் நிற்காமல், எதிர்த்தாற்போல் இருந்த தென்னந்தோப்பு ஓரத்தில் நின்றது. வேறெங்கும் இடம் கிடைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. தார்ப்பாயை மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டினார்கள். இருமுடிப் பைகள் நனையாமலிருக்க அவற்றை பஸ்ஸுக்குள் வைத்துவிட்டு, கன்னிச்சாமிகளான சின்னப் பிள்ளைகளை மட்டும் உள்ளே ஏற்றிவிட்டு, மற்றவர்கள் தார்ப்பாய்க்குக் கீழே ஒண்டினார்கள். அடுப்பு பற்றவில்லை. புகை மட்டும் சாலையைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்தது.

அப்பா சாவிக்கொத்தைக் கையில் எடுத்தார். "ஏட்டி, தொறந்து விட்டுருவோம். பத்து ரூமும் சும்மாதான கெடக்கு."

"ராத்திரி அவங்க வந்துட்டா என்ன செய்யதுப்பா? தெரியாத்தனமா நம்ம பேரக் கெடுத்துக்கிடக் கூடாது. அவ அவ்வளவு பாடுபட்டு வாங்கிக் குடுத்திருக்கா."

அப்பா சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். அந்தச் சாயங்காலம் நான் வாசல் விளக்கைக்கூடப் போடவில்லை. போட்டால் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு எங்கள் வராந்தா காலியாகக் கிடப்பது தெரியும். காலையில் பார்த்தபோது பஸ் போயிருந்தது.

பொங்கல் கழிந்து நாலைந்து நாளில் அந்த இரண்டு பேர் வந்தார்கள்.

கணவனும் மனைவியும். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கொல்லத்திலிருந்து ரயிலேறி, செங்கோட்டையில் இறங்கி, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் மூக்கு நுனி தோலுரிந்து சிவந்திருந்தது. அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். எங்கள் லாட்ஜின் பெயர் எழுத்துப்பிழையோடு அச்சாகியிருந்தது. பக்கத்தில் செம்பருத்தித் தட்டோடு நான். அடியில் என் கையெழுத்து.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அப்பா, வந்துட்டாங்க" என்று உள்ளே ஓடினேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து கைகூப்பினார். "மத்தவங்க எங்க வாராங்க?" என்று என்னைக் கேட்கச் சொன்னார்.

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாளின் ஆங்கிலம் என்னுடையதை விடத் தடுமாற்றமானது. மெதுவாக, வார்த்தை வார்த்தையாக அவள் சொன்னதன் சாரம் இதுதான்: மற்றவர்கள் யாரும் வரமாட்டார்கள். விமானத்தில் எல்லாரிடமும் இந்தத் தாள் இருக்கிறது. அவர்கள் நாட்டுச் சட்டப்படி, இவ்வளவு மலிவான விமானத்தில் வெறும் டிக்கெட் மட்டும் விற்கக் கூடாது. தங்குமிடமும் சேர்த்து விற்றால்தான் அந்த விலைக்குக் கொடுக்கலாம். அதனால் எங்கேயோ ஒரு தங்குமிடத்தின் பெயரைச் சேர்த்துவிடுகிறார்கள். அது பேருக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். கொழும்பில் இறங்கும்போது பலர் அந்தத் தாளை முன்சீட்டின் பின்பக்கப் பையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். தாளில் இருக்கிற ஊருக்குப் போகிறோம் என்று இவர்கள் சொன்னபோது பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்களாம்.

"அப்படியென்றால் நீங்கள் ஏன் வந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"அருவி என்று எழுதியிருந்தது" என்றாள். "பூவோடு ஒரு பெண் நிற்கிறாள். யாராவது போக வேண்டாமா?"

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "என்னட்டி சொல்லுதாங்க?" என்றார்.

"மத்தவங்க கோவளத்துல இருக்காங்களாம்ப்பா" என்றேன்.

அந்தக் கணவர் டிராம் வண்டி ஓட்டுகிறவர். மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை பார்க்கிறவள். அவர்கள் குடும்பத்தில் விமானத்தில் ஏறிய முதல் ஆட்கள் இவர்கள்தான். பழைய விலையில் இருந்திருந்தால் சாகும் மட்டும் ஏறியிருக்க முடியாது என்று அவர் சொன்னார். என் தோழி சொன்னதில் அந்த ஒரு பகுதி உண்மைதான்.

நான்கு நாள் இருந்தார்கள். அப்பா அவர்களைப் பழைய உறவுக்காரர்களைப் போல நடத்தினார். காரமில்லாத குழம்பை அவர்கள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். ஐந்தருவியில் தண்ணீர் கயிறு கயிறாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. அந்த அம்மாளுக்கு என் பழைய சேலையைக் கட்டிவிட்டு, பெண்கள் குளிக்கிற பக்கம் கூட்டிப்போனேன். அந்தக் கொஞ்சத் தண்ணீருக்கடியில் கண்ணை மூடிக்கொண்டு அவள் வெகுநேரம் நின்றாள். நான் பாறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தார்ப்பாய்க்குக் கீழே நனைந்த சாமிகளின் நினைப்பு வந்தது.

கிளம்பும்போது அந்தத் தாளைக் கொடுக்கும்படி கேட்டேன். கொடுத்தாள். மறு வாரம் துணி எடுக்கப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டுத் திருவனந்தபுரம் போனேன்.

என் தோழியின் அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். நான் தாளை மேசையில் வைத்தேன்.

அதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இது யாரு குடுத்தா?"

"ரெண்டு பேரு வந்தாங்க."

"வந்தாங்களா?" அவள் முகம் மாறிவிட்டது. "தங்குனாங்களா? கம்ப்ளெய்ன்ட் ஏதும் சொன்னாங்களா?"

நான் இரண்டு மாதம் காத்திருந்ததைப் பற்றி அவள் கேட்கவில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. "இல்ல" என்றேன்.

அவள் மூச்சு விட்டாள். "நல்லவேள. ஏட்டி, இதுல யாருக்கும் நட்டம் கெடையாது, கேட்டியா. அந்தப் பேப்பர் இல்லன்னா அத்தன பேருக்கும் அந்த வெலையில டிக்கெட் கெடைக்காது. பாவப்பட்ட சனங்க வந்துட்டுப் போகட்டுமே. கோவளத்துல எத்தன குடும்பம் பொழைக்குது தெரியுமா? நான் உங்க பேர மட்டுந்தான எடுத்தேன்."

"சாமிமாருக்கு ரூம் இல்லன்னு சொல்லிட்டோம். எதுத்தாப்புல மழையில கெடந்தாங்க. நீதான் பின்கட்டுல அடுப்பு மூட்டக் கூடாதுன்னு எழுதுன. கக்கூஸ் மாத்தச் சொன்ன."

"கம்பெனியிலருந்து யாராவது பாக்க வந்தா ரூமு ரெடியா இருக்கணும்லா. அதுக்குத்தான்."

"என்கிட்ட உள்ளதச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா மாமா கையெழுத்து போட்டிருப்பாரா?"

"திருவனந்தபுரத்துலயே எத்தனையோ லாட்ஜ் இருக்கு. எதுக்கு எங்க லாட்ஜு?"

அவள் யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். கோபமில்லாமல், கிட்டத்தட்டப் பிரியமாக. "இங்கன உள்ளவன்னா ஆளு வரலைன்னு நாலாம் நாளே சண்டைக்கு வந்துருவான். நீ கேள்வி கேக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

அவள் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி என் பக்கம் தள்ளினாள். அம்மா காரியத்தின்போது எங்கள் வீட்டில் அவள் போட்ட காபி நினைவுக்கு வந்தது. அந்தப் பதினாறு நாளும் பொய்யா என்று நினைத்துப் பார்த்தேன். பொய்யில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. பொய்யாக இருந்திருந்தால் அவளை ஒரேயடியாக வெறுத்துவிட்டுப் பஸ் ஏறியிருப்பேன்.

"எங்க பேர எடுத்துரு" என்றேன்.

"இந்த சீசன் முடியட்டும்ட்டி. இப்ப எடுத்தா டிக்கெட் வித்ததெல்லாம் மொடங்கிரும். என் வேலையும் போயிரும்."

காபியைக் குடிக்காமல் எழுந்தேன். பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு ஏர்மெயில் உறை வாங்கி, அந்தத் தாளில் இருந்த வெளிநாட்டு முகவரிக்கு எழுதினேன். எங்கள் அறைகளில் இதுவரை தங்கியவர்கள் இரண்டு பேர் மட்டுமே, இனி எங்கள் பெயரை உபயோகிக்க எங்களுக்குச் சம்மதமில்லை என்று. மடியில் வைத்து எழுதியதால் கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை. அவள் வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்துத்தான் போட்டேன். அதை நான் மறைக்க விரும்பவில்லை. பதில் வரவில்லை. எங்கள் பெயரை எடுத்தார்களா என்றும் தெரியவில்லை. அந்த ஆடியில் இலங்கையில் கலவரம் மூண்டது. கொழும்புக்கு வருகிற வெள்ளைக்காரர் கூட்டமே வற்றிப்போனது என்று பேப்பரில் போட்டிருந்தான்.

அடுத்த ஐப்பசியில் குருசாமிக்கு ஒரு கார்டு எழுதினேன். பத்து அறைகளும் பின்கட்டும் உங்களுக்கே, போன வருடம் நடந்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று. ஒரு வாரத்தில் பதில் வந்தது. மன்னிக்கிற அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை சாமி, மழையில் நின்ற மறுநாள் செங்கோட்டையில் ஒரு அரிசி மண்டிக்காரர் கூப்பிட்டு இடம் கொடுத்தார், அவரிடமே வருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று, அப்பாவுக்கு என் நமஸ்காரம், என்று எழுதியிருந்தார். அந்த வருடமும் அதற்கடுத்த வருடங்களிலும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போகிற அவருடைய பஸ் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனது. அப்பா சத்தம் கேட்டு வெளியே வந்து நிற்பார். முன்சீட்டிலிருந்து குருசாமி கை கூப்புவார். பஸ் நிற்காது.

அப்பாவிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. கலவரம் எனக்கு வசதியாகப் போயிற்று. கொழும்பில் பிரச்சினை, அதனால்தான் வரவில்லை என்றேன். மாதக் கணக்கு இடித்தது. கலவரம் ஆடியில், அவர்கள் வர வேண்டியது அதற்கு முந்தின மார்கழியில். அப்பா அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் கேட்கவில்லை. கேள்வி கேட்காத குணம் எனக்கு அவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து அவள் கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையின் மேல் அவள் கையெழுத்தில் என் பெயரும் அப்பா பெயரும். எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். அப்பா விடியற்காலையிலேயே குளித்து, சலவை வேட்டி கட்டி, ஆலங்குளம் பஸ் ஏறினார். மத்தியானம் தாம்பூலப் பையோடு திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு விசிறியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உன்னயத்தான் தேடுச்சு அந்தப் புள்ள. மணவறையிலருந்து எந்திரிச்சு வந்து, அவ வரலையா மாமான்னு கேட்டுது. கண்ணு கலங்கிட்டு."

நான் தாம்பூலப் பையிலிருந்த தேங்காயை எடுத்து அடுக்களையில் வைத்தேன்.

"உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதும் மனத்தாங்கலாட்டி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா."

"இருக்கக் கூடாது" என்றார். "நம்ம லாட்ஜுக்காக அந்தப் புள்ள எவ்வளவு அலைஞ்சுது."